குருவி உட்காராத கோரை

அக்கா,

இன்று காலை ஏரியிலிருந்து ஒரு கட்டுக் கோரை வந்து வாசலில் இறங்கியது. பச்சைக் கோரையின் சேற்று வாசனை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பதினாறு வருஷமாக அந்த வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இன்று போகவில்லை.

இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நீ, இளையவள் நான். பதினாறு வருஷத்துக்கு முன்னால், பாகூர் ஏரியில் தண்ணீர் வடிந்து, வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் கோரை அறுக்க விட்ட நாள் அது. அவரவர் பங்குக்கு அடையாளமாக, நிற்கிற கோரையின் தலையை முடிந்துவைப்போமே, அதே முடிச்சைத்தான் ஆறு மாதப் பிள்ளைக்கு நிழலாக நானும் போட்டேன். கீழே அறுத்த கோரையைப் பரப்பி அவளைக் கிடத்தியிருந்தேன். புத்தி கெட்டவள். மேற்கே பெய்த மழையில் வாய்க்கால் தண்ணீர் திடீரென்று ஏரிக்குள் வந்தது. திரும்பிப் பார்த்தால் எங்கும் ஆளுயரக் கோரை, எங்கும் முடிச்சு. எதன் கீழே என் பிள்ளை? தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது.

ஓடப் போனவளைப் பின்கொசுவத்தைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஓடாதடி, புள்ளய மெதிச்சிடப் போற. சும்மா நின்னு குருவியப் பாரு."

அறுப்புச் சத்தம் அடங்கியதும் குருவிகள் முடிச்சுகள்மேல் வந்து உட்கார்ந்தன. ஒன்றில் மட்டும் உட்காரப் போய், உட்காராமல் எழும்பின. நீ நேரே அங்கே நடந்தாய். அதன் அடியில் என் மகள் முதுகு நனைந்து, கோரைத் தண்டை உதைத்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிள்ளையை அங்கே போட்டது யார் என்று வீட்டில் மாமியார் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் அத்த" என்றாய். பிள்ளை இல்லாத உன் கையில் அதற்குப் பிறகு அவர் என் மகளைக் கொடுக்கவே இல்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. நீ கல்லறைக்குப் போன பிறகும் சொல்லவில்லை.

இன்று கோரையைப் பிரித்தபடியே மகளிடம் எல்லாம் சொன்னேன். உள்ளே படுத்திருக்கும் மாமியார் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். மகள் என் கையிலிருந்த கோரையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பெரிம்மாவுக்கு எம்மேல பிரியம் இல்லன்னு நெனச்சிருந்தம்மா" என்றாள்.

அப்பாடா என்றிருக்கிறது, அக்கா. இனி ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. அன்று கரையேறியதும் பிள்ளையை வாங்க நான் கை நீட்டினேன். நீ உடனே தரவில்லை. கொஞ்ச நேரம் மார்போடு வைத்திருந்தாய். அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.