குருவி போன டேங்க்

ரீத், ஸ்வேல்டேல்
மார்ச், திங்கள்கிழமை

அன்புள்ள வில்ஃபுக்கு,

நானும் நாயும் நலம். உன் மோட்டார் சைக்கிள்தான் சுகமில்லாமல் கிடந்தது. இப்போது அதுவும் எழுந்துவிட்டது. கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கத்து.

உன் தபால் அட்டை கிடைத்தது. பெர்த்தில் வெயில், பேரன் குண்டாக இருக்கிறான், மகள் ஹெதர் வீட்டுக் கொட்டகையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் நல்ல வைஸ் இருக்கிறது. சந்தோஷம். அவளிடம் மனம்விட்டுப் பேசினாயா என்று கேட்டிருந்தேனே, அதற்குப் பதிலைக் காணோம். அவள் தன் கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொண்டாள் என்று கோபித்துக்கொண்டு, அன்றைக்குப் பாறையிலும் ஓடையிலும் வண்டி ஏற்றும் ட்ரயல்ஸ் போட்டிக்குப் போனவன் நீ. இத்தனை வருஷம் கழித்து விமானம் ஏறியது வைஸைப் பார்க்கவா?

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் கொட்டகையைத் திறந்தால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. டேங்கின் அடிப்பக்கத்தை அமுக்கினால் விரல் உள்ளே போகிறது. பக்கத்துப் பண்ணை பெர்சியைக் கூப்பிட்டேன். "யாரு இதை ரொப்பி வச்சது?" என்றான். ஊருக்குப் போகுமுன் நீதான் என்றேன்.

"இரும்பு டேங்கா இருந்தா ரொப்பி வைக்கிறது சரி, துருப் பிடிக்காது. இது ஃபைபர், எனிட். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல சாராயத்தைக் கலக்குறான், அது ஃபைபரை ஒட்டியிருக்கிற பிசினைக் கரைச்சுக் குடிச்சிரும். ஆயுசு பூரா வண்டி ஓட்டுறவனுக்கு இதுகூடவா தெரியாது?" என்று சிரித்தான். கரைந்த பிசின் தேன் போலக் கார்புரேட்டர் வரை இறங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெதர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அந்த டேங்கில் வரைந்த ஆள்காட்டிக் குருவி கொப்புளம் கட்டி, வண்ணத்தோடு உரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பெர்சி தன்னிடமிருந்த அலுமினிய டேங்கைக் கொடுத்தான். உன் வண்டி மாதிரியே இன்னொரு வண்டியினுடையது, ஆனால் வேறு வருஷத்தது. "எல்லாம் ஒண்ணுதான், அப்படியே உக்காரும்" என்றான். உட்காரத்தான் உட்கார்ந்தது. ஹாண்டிலை முழுசாகத் திருப்பினால் டேங்கில் இடித்தது. அது திரும்பாத வண்டியை வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், பாறை ஏற முடியாது. பழைய டியூபை வெட்டி அடியில் மடித்துக் கொடுத்து, டேங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டால் இறுக்கினோம். ஆமாம், உன் நல்ல பெல்ட்தான்.

நேற்றுப் போட்டியில் நானே ஓட்டினேன். இத்தனை காலம் மழையில் ஓடையோரம் நின்று, யார் எத்தனை தடவை கால் ஊன்றிப் புள்ளி இழந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான். முதல் பாறையிலேயே விழுந்தேன். ஆனால் ஓடைக்குள் வரும் அந்த நெருக்கமான திருப்பத்தில் ஹாண்டில் டேங்கை உரசாமல் திரும்பியது. கால் ஊன்றாமல் வெளியே வந்துவிட்டேன். அங்கே எண்ணிக்கொண்டிருந்த மேவிஸ், "இந்த எடத்துல உன் புருஷன் கால் வைக்காம வந்து நான் பாத்ததே இல்ல" என்றாள். ஊரெல்லாம் சொல்லியும்விட்டாள். இன்று உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் குளிர்ச்சி.

டேங்க் வெறும் அலுமினியமாகவே இருக்கிறது. சிவப்பு அடித்துத் தருகிறேன் என்றான் பெர்சி. வேண்டாம் என்றுவிட்டேன். அதில் வரைய வேண்டியவள் தினமும் காலையில் உனக்குத் தேநீர் ஊற்றித் தருகிறாள். நீ ரொப்பி வைத்துவிட்டுப் போனதில் அவள் குருவி போய்விட்டது என்று அவளிடம் சொல். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து இன்னொன்று வரைந்து தரச் சொல்.

மன்னிப்பு என்ற சொல் உனக்குத் தொண்டையில் சிக்கும் என்று எனக்குத் தெரியும் வில்ஃப். முதலில் குருவிக்காகக் கேட்டுவிடு. மற்றது தானாக வரும்.

பேரனுக்கு முத்தம். ஹெதருக்கு என் ஆசி. உனக்கு என்ன என்பதை, அவள் சொன்ன பதிலை நீ எழுதிய பிறகு பார்க்கலாம்.

உன்
எனிட்