பொட்டு வைத்த பெட்டிகள்

ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டுரோட்டுக் கடையில் மசால் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த செய்தித்தாள் துண்டில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, கடல் தாண்டிய ஒரு நாடு நம் சரக்குக்கு வரியை ஏற்றிய சேதி. சூட்டில் கிளம்பிய அச்சு மை வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். முதலில் காகிதத்தைப் படித்துவிட்டுத்தானே நீ வடையைத் தின்பாய்! மிச்சச் சேதி எந்தத் துண்டில் இருக்கிறது என்று கடைக்காரரையே தேட வைத்தவள் நீ.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. அந்த வரியால் நம் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துபோனது. போன வாரம் மேனேஜர் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார். "ஃபாரின்ல வரி போட்டுட்டாங்கம்மா. நாம எல்லாரும் ஒரே குடும்பம். கஷ்டத்தையும் சேர்ந்துதான் தாங்கணும்" என்றார். எந்தக் கஷ்டம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். மண்ணூரிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் திங்கட்கிழமை முதல் கிடையாதாம்.

அது நீ நடையாய் நடந்து கேட்டு வாங்கிய பஸ். அதற்கு முன்னால் செகண்ட் ஷிப்ட் விட்டு, லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டி நின்றோமே, மறக்குமா? இப்போது பேக்கிங்கில் உன் இடத்தில் செல்வி நிற்கிறாள். ஊருக்குள்ளேயே பஸ் ஏற்றி இறக்குவதால்தான் அவள் மாமியார் வேலைக்கு விடுகிறார். பஸ் போனால் செல்வியின் வேலையும் போய்விடும்.

அந்த பஸ்ஸில் நாம் போடாத சண்டையா? நீ ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர். வல்லக்கோட்டை வளைவு வரை அரசியல் பேசலாம், தாண்டினால் வாயை மூடிவிட வேண்டும். கோபத்தோடு லைனில் நின்றால் கை தப்பும் என்று நாமே போட்டுக்கொண்ட சட்டம். "வெளிநாட்டுக் கம்பெனி வரலன்னா நமக்கு ஏதுடி வேல?" என்று நான் மடக்குவேன். "வரட்டுமே, யாரு வாணான்னா? நெலம் நம்மது, தண்ணி நம்மது, கையும் நம்மது. நாம இன்னா சும்மாவா குந்திக்கினு கீறோம்?" என்பாய்.

அந்த ஆயுத பூஜையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீதான் குங்குமக் கிண்ணத்தை யாரிடமும் தரவில்லை. மெஷினுக்கு வைத்தாய், டிராலிக்கு வைத்தாய், கப்பலுக்குப் போகக் கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளையும் விடவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து புகார் வந்தது. பெட்டியில் சிவப்புக் கறை, என்ன ரசாயனம், தொட்டால் ஆபத்தா என்று. சூப்பர்வைசர் வந்து கத்தியபோது நீ முன்னால் போய் நின்றாய். "நாந்தான் சார். பொட்டு அது. நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வெச்சேன்."

அன்று பஸ்ஸில் சொன்னாய்: "பாத்தியாடி, ஒரு பொட்டுக்கு அந்த ஊர்லேர்ந்து நம்ம லைன் வரைக்கும் தேடிக்கினு வரானுங்க. லாபம் வந்தப்ப எவனாச்சும் தேடிக்கினு வந்தானா?" பஸ்ஸே சிரித்தது.

போன வாரம் கேன்டீனில் எழுந்து அதையே கேட்டேன். "சார், லாபம் வந்தப்பல்லாம் நாங்க இந்தக் குடும்பத்துல இல்லியே. பொட்டு வெச்சதுக்கு மட்டும்தான எங்களத் தேடி வந்தீங்க?"

"டெல்லியில பேச்சுவார்த்தை நடக்குதும்மா. கொஞ்சம் பொறுங்க."

"அவுங்க பேசட்டும் சார். நீங்க பஸ்ஸ நிறுத்தாதீங்க."

வரியை ஏற்றியவருக்கு அவர் ஊரில் கைதட்டல். பணிய மாட்டோம் என்று இங்கே முழங்குகிறவருக்கும் கைதட்டல். நின்றுபோவது மட்டும் எங்கள் பஸ். என் கட்சிக்காரர்களிடம் போனேன், நாட்டுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் கட்சிக்காரர்களிடமும் போனேன், எங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாம் அத்தனை சண்டை போட்டது இவர்களுக்காகத்தானா என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் எல்லோரும் யூனிஃபார்மோடு மண்ணூர் ஸ்டாப்பில் நின்றோம். ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துப் பார்த்தன, ஒருத்தியும் ஏறவில்லை. சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். "லைன் நிக்குதும்மா, எங்க இருக்கீங்க?"

"ஸ்டாப்புல சார். பஸ்ஸ அனுப்புங்க."

போனை வைத்த பிறகுதான், வேலையே போய்விடுமோ என்ற பயம் வந்தது. உன் தைரியம் எனக்கு வரவில்லையடி. ஆனால் உன் பிடிவாதத்தை வாங்கி வைத்திருக்கிறேன், பயந்துகொண்டே நிற்பதற்கு அது போதுமாக இருக்கிறது.

வெயில் ஏறிய பிறகு பஸ் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "இந்த மாசம் மட்டுந்தான்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், யாரிடமும் அதிர்ந்து பேசாத செல்வி படியில் கால் வைத்தபடி சொன்னாள்:

"அடுத்த மாசமும் இங்கதான் நிப்போம்னு போய்ச் சொல்லுண்ணா."

அதை நீ கேட்டிருக்க வேண்டும்.