உன் கப்சாய் கிளம்பாத கதை

குனோங் ராபாட், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, எங்கள் இருவர் வாயும் உடம்பைவிட நன்றாகவே இருக்கிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஷர்வினும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறாள். அதனால் அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதி, மீன் குழம்புத் தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் உன்னைச் சேர்த்தது இப்படி ஒரு நாளுக்கு உதவுகிறது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், லாரி ஸ்டேரிங் பிடித்த கை பேனாவுக்குப் பழகவில்லை.

விஷயம் உன் மோட்டர் சைக்கிளைப் பற்றி. போன மாதம் போனில் பேசியபோது, தீபாவளிக்கு வந்தாலும் வருவேன் என்று சொல்லிவிட்டு, என் கப்சாய் இன்னும் ஓடுமாப்பா என்று ஒரு வார்த்தை கேட்டாய். நீ கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய், எனக்குத்தான் அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. இரண்டு தீபாவளியாக நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. உன் வயிற்றில் அந்தக் குழந்தை தங்காமல் போனதே, அதே மாதம் இங்கே பக்கத்துச் சிலிபினிலிருந்து உன் செல்லாயி அத்தை உனக்குப் போன் போட்டு, என்னம்மா விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்டாள். அவளுக்கு நடந்தது தெரியாது, இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். இங்கே வந்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்பார்கள் என்று நீ நினைத்தால் அதில் தப்பில்லை. அதனால்தான் நீ மோட்டரைக் கேட்டதும் எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. நர்சிங் படிக்கும்போது தினமும் நீ ஓட்டிப்போன நீல மோட்டர், அதை ஓட வைத்துவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நீ போனதிலிருந்து அது பின்கட்டில் சுவரோடு சேர்ந்து தார்ப்பாய்க்குள் கிடந்தது. தார்ப்பாயை எடுத்துச் சாவியைப் போட்டேன், மினுக்கென்று கூட ஒன்றும் இல்லை. பேட்டரி செத்துவிட்டது, சரி, புதுசு வாங்கிப் போட்டேன். விளக்கு எரிந்தது, எஞ்சின் எழவில்லை. டேங்கில் கிடந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் வாடை அடித்தது, அதை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரு இருமல் இருமும், அப்புறம் கப்பென்று அடங்கிவிடும். உதைத்து உதைத்து என் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். மோட்டர் கடை பிச்சைமுத்து உனக்கு நினைவிருக்கும், வேலையைவிட வாய் நீளம். அவன் வந்து ஒரே பார்வையில் இது காபரேட்டர் அடைப்புதான் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்லா என்றான். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. கழற்றிக் கழுவி மாட்டியும் அதே இருமல்தான், அதே கப்புதான்.

இதற்கு நடுவில் உன் அம்மா செய்த வேலையைக் கேள். இன்று செவ்வாய்க்கிழமை, இரும்பைத் தொடாதீர்கள் என்பாள். ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினேன், அரிசி டின்னுக்குள் கிடந்தது. மோட்டரை வெளியே இழுக்கலாம் என்றால், பின்னால் இருக்கும் கருவேப்பிலைத் தொட்டி வேர்பிடித்துவிட்டது, நகர்த்தினால் செத்துப்போகும் என்று வழிமறித்துக்கொண்டு நிற்பாள். கருவேப்பிலைக்கா இவ்வளவு பாசம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போன வாரம் அவள் பாசாருக்கு மீன் வாங்கப் போன நேரம் பார்த்துத் தொட்டியைத் தள்ளிவிட்டு மோட்டரை வெளியே இழுத்தேன். உதைத்துக்கொண்டே எக்சோஸ் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஒரு ஊதல் கூட இல்லை. குனிந்து பார்த்தால், குழாய் வாயை அடைத்து மண்ணை வைத்துக் குளவி கூடு கட்டியிருக்கிறது. மூச்சு வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் எப்படி ஓடும் சொல்.

குத்தி எடுக்க ஸ்க்ரூடிரைவரை ஓங்கிய நேரம் அவள் கேட்டுக்குள் வந்தாள். மீன் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொடாதீங்க, அதத் தொடாதீங்க என்றாள். பொங்கலுக்குப் பின்கட்டு கழுவும்போதே பார்த்துவிட்டாளாம். குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கும் என்று நம் ஜனம் சொல்வது உனக்கும் தெரியும். நாங்கள் எத்தனையோ வருஷம் காத்திருந்து நீ உண்டானபோது, அப்போது இருந்த தோட்டத்து லயத்து வீட்டு ஜன்னலில் குளவி கூடு கட்டியதாம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டு, இந்தக் கூட்டிடம் போய்த் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் படித்த பிள்ளையைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே, நீங்க மட்டும் என்னவாம், மோட்டர் ஓடினா பிள்ள வந்துருவான்னு காலு வீங்க ஒதைக்கிறீங்க, அதுக்கு என் குளவி எவ்வளவோ தேவலைலா என்றாள். ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் வீட்டில் பேச்சு இல்லை. சோறு மட்டும் மேசைக்கு வரும். மோட்டர் நடுவில் நிற்கிறது, அவள் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவாள், நான் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போவேன். கூட்டை உடைத்தால் அவள் மனது உடையும், விட்டுவைத்தால் நீ வரும்போது மோட்டர் ஓடாது, அதைவிட நீ அதைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பாயோ என்று ஒரே குடைச்சல். நம் குடியிருப்புத் தாமானைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இதை எழுதும்போதுகூட நடுவில் எழுந்து போய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலையில் காப்பி வரவில்லையே என்று பின்கட்டுக்குப் போனால், உன் அம்மா கீழே பேப்பரை விரித்து உட்கார்ந்து, சாத்தே இறைச்சி குத்தும் குச்சியால் குழாய்க்குள்ளிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். உடைக்கச் சொல்லி நான் ஒன்றும் சொல்லவில்லையே விமலா என்றேன். அவள் நிமிரவே இல்லை. பேரப்பிள்ள வருதுன்னு நம்ம பிள்ள வர்ற வழிய அடைச்சு வெச்சிருக்கேன்னு தோணுச்சு, நம்ம பிள்ள வந்தா போதும் என்றாள். கடைசித் துண்டு மண் விழுந்ததும் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, ஓட்டை ஓட்டையாக வெறும் மண்ணுதான், எல்லாம் எப்போதோ பறந்து போயிருக்கிறது. அதைப் பேப்பரில் போட்டுச் சுருட்டி வைத்துவிட்டு, ஒதைங்க என்றாள். உதைத்தேன். இருமியது, மறுபடியும் இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பின்கட்டு முழுக்க ஒரே புகை. புகையைச் சாக்குச் சொல்கிற வயதா எங்களுக்கு, இரண்டு பேரும் அழுதோம்.

இனிமேல் உன்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். செல்லாயி அத்தையிடம் அம்மாவே பேசிவிட்டாள், அத்தை அழுதாளாம். நீ குழந்தையோடுதான் வரவேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நடந்த துக்கத்தை நீ தனியாகச் சுமந்துகொண்டு அங்கே இருக்கிறாயே என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காத காரணம். லீவு கிடைக்காவிட்டாலோ, மனது இடம் கொடுக்காவிட்டாலோ, அதையும் ஒளிக்காமல் சொல். மோட்டரைக் காட்டி உன்னை இழுக்கமாட்டேன், நீ வராவிட்டாலும் அது ஓடும், பாசாருக்கு நானே ஓட்டிக்கொள்வேன். முடிவு உன்னுடையது. ஆனாலும் வா.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து வந்தால் மாப்பிள்ளையை எழுப்பியாவது சூடாக ஏதாவது குடி. இந்தக் கடிதம் கிடைத்ததைப் போனில் சொல்லித் தொலைக்காதே, மீன் தூள் நல்ல காரம் என்று மட்டும் சொல், எனக்குப் புரிந்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ அப்பா அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் அப்பா
கனகராஜ்