அப்பா மாட்டிய கிளிப்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் உத்தமனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சுகம், நீ அந்தப் பனிமலையில் காலுறை நனையாமல், மூச்சு வாங்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நான் கன்னடப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், தமிழ் பேச வரும் எழுத வராது என்று உனக்குத் தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை இளவேனில் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், எழுதி முடித்ததும் முதலிலிருந்து படித்துக் காட்ட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவது நான். சத்தியம் அம்மாவின் வார்த்தைக்குத்தான், இந்தக் குறிக்கு இல்லை. நீ பனியில் பணி செய்கிறாய், நான் ஞாயிறு தூக்கத்தைத் தியாகம் செய்து பேனா பிடிக்கிறேன், பதக்கம் யாருக்கு என்று உன் மேஜரிடம் கேட்டுச் சொல்.)

நீ கடைசியாகப் போனில் பேசியபோது மேலே போனால் சிக்னல் கிடைக்காது, கடிதம் என்றால் சாமான் வண்டியில் வந்து சேரும் என்றாய். அதுவரை காத்திருக்கலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உன் அப்பா சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் ஒன்று செய்துகொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். பொம்மசந்திரா கம்பெனியில் வெல்டிங் பிரிவையே மூடி எல்லோரையும் அனுப்பிய பிறகு, ஆறு மாதம் சும்மா உட்கார்ந்தவர் இதைத் தொட்டதும்தான் மனுஷராக மாறினார். சதுரக் குழாயை அறுத்து அவரே வெல்டிங் வைத்தார், பழைய சின்னப் பிள்ளை சைக்கிள் இரண்டின் சக்கரங்களைப் போட்டார், அடியில் பிளைவுட், அதன்மேல் மார்க்கெட்டில் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் நான்கு, மழைக்குத் தார்ப்பாய், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், பஸ்காரன் கண்ணில் படுவதற்காக ஒரு கம்பியில் ஆரஞ்சு கொடி. நம் தெரு மெஸ் ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு அரிசி, வெங்காயம், பக்கத்து வீடுகளுக்குக் காய்கறி, கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றையும் ஆட்டோ இல்லாமல் இவரே இழுத்து வந்தார். (ஆம்ப்ரோஸ் அங்கிள் முதல் நாள் அப்பாவிடம் கேட்டது: 'டிரெய்லர் பாத்தாச்சு மூர்த்தி, படம் எப்போ ரிலீஸ்?' அப்பா ஒரு வாரம் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.)

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம்தான். இழுக்கிறபோது பாரம் தெரியாது, ஆனால் இறக்கத்தில் அது ஆளைத் தள்ளும், மேட்டில் பின்னால் பிடித்து இழுக்கும். சைக்கிளையும் டிரெய்லரையும் சேர்க்கிற இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு பின், அந்தப் பின் குலுங்கி மேலே எழும்பி வராமல் இருக்க அதன் அடித் துளையில் வளைந்த கம்பி போல ஒரு கிளிப், அவ்வளவுதான். இதை நம்பியா போகிறீர்கள் என்று கேட்டால், தினமும் கிளம்பும்போது மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன் மங்களம் என்பார். உண்மையாகவே பார்ப்பார். கூடவே ஒரு சங்கிலியும் போடச் சொன்னேன், ஆயுத பூஜை கழியட்டும் என்றார்.

பூஜை அன்று டிரெய்லரைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, நட்டு போல்ட் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தோம். பின்னுக்கும் கிளிப்புக்கும் நானே என் கையால் தடவினேன். ஸ்பேனர், சுத்தியல், காற்றடிக்கிற பம்ப் எல்லாம் சாமி முன்னால். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமி காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி எடுக்க வேண்டும். அப்படித்தான் ஐந்து மணிக்கு எடுத்தார். வைத்த சந்தனத்தைக் கலைக்கக் கூடாது என்று அன்று இழுத்து ஆட்டிப் பார்க்கவில்லை, விரலால் தொட்டு மட்டும் பார்த்தாராம். மார்க்கெட்டில் இரண்டு மூட்டை அரிசி, ஒரு மூட்டை வெங்காயம் ஏற்றிக்கொண்டு வரும்போது, நம் வீட்டுப் பக்கத்து மேட்டில் மூன்றாவது ஸ்பீட் பிரேக்கர் ஏறினவுடன் பின் துள்ளிக் கழன்றுவிட்டது. திடீரென்று பெடல் லேசாகிவிட்டதாம், திரும்பிப் பார்ப்பதற்குள் டிரெய்லர் பின்னாலேயே உருண்டு இறங்குகிறது. கீழே பூ விற்கிற ரூபினி, டீ வாங்க அந்த நேரம் எழுந்து போயிருந்தாள். அவள் உட்காருகிற பலகை மேல்தான் போய் மோதியது. பூக்கூடை மூட்டைக்கு அடியில். அவள் மூன்று மாதக் கர்ப்பம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பலகை கூட வேறு செய்து கொடுத்தாயிற்று. நான் எழுதச் சொல்வது அதைப் பற்றி இல்லை. தேடிப் பார்த்ததில் பின் கிடைத்தது, கிளிப் கிடைக்கவில்லை. நான் மாட்டினேன், இந்தக் கையால் மாட்டினேன், காலையில் தொட்டும் பார்த்தேன் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் பாவி, நன்றாக யோசித்துப் பாருங்கள், கழுவும்போது கழற்றி வைத்து மறந்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் யோசிக்க ஆரம்பித்தார் உத்தமா, நிறுத்தவே இல்லை. உன் பெரியப்பா ஆதிகேசவன் ஐம்பத்தாறு வயதில் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஓசூர் பஸ்ஸா பெங்களூர் பஸ்ஸா எதில் ஏற வேண்டும், தான் எந்த ஊர் என்று கண்டக்டரிடம் கேட்டாரே, அவருக்கும் மறதி சின்னதாகத்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு சாவி, பிறகு ஒரு பெயர். அதே வயது இவருக்கு இந்த மார்கழியில் வருகிறது. இப்போது ஸ்பேனரைத் தொடுவதில்லை. டிரெய்லர் தார்ப்பாய் போர்த்தி மூலையில் கிடக்கிறது, ஆம்ப்ரோஸ் அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்பை மூடினால் சுவரில் சாக்பீஸால் கோடு போடுகிறார், அப்புறம் அந்தக் கோடு இன்றைக்குப் போட்டதா நேற்றுப் போட்டதா என்று இளவேனிலைக் கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பொம்மசந்திரா வரைக்கும் பஸ் ஸ்டாப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறார், ஒன்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். வருகிற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. (மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் எழுதிவிட்டேன்.)

அண்ணா, குழாயில் காவேரித் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா குடம் எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். இது அடைப்புக்குறி போட்டு எழுதுகிற விஷயம் இல்லை. அப்பா எதையும் மறக்கவில்லை. கிளிப்பைக் கழற்றியது நான். மூன்று தடவை பார்க்கிறேன், மூன்று தடவை பார்க்கிறேன் என்று அப்பா ஊரெல்லாம் பெருமை அடித்தாரே, அதை வைத்து அவரைக் கிண்டல் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பூஜைக்கு முன்னால், அம்மா சந்தனம் குழைக்கப் போன நேரத்தில், கிளிப்பை எடுத்துவிட்டு அதே துளையில் அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றைச் செருகினேன். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. அதன்மேல் அம்மா சந்தனத்தை அப்பிவிட்டாள், அப்புறம் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அன்று யாரும் வண்டியைத் தொட மாட்டார்கள், மறுநாள் விடியும் முன் எழுந்து, அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு சீட்டில் ஏறும் நேரத்தில் கிளிப்பைக் கண் முன்னால் ஆட்டி, மூன்று தடவை பார்த்தீர்களே எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பதாகத் திட்டம். அலாரம் வைத்தேன் அண்ணா. அடித்தது, அணைத்தேன், தூங்கிவிட்டேன். ஆறு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழம் மட்டும் கிடந்தது.

செருப்புப் போடாமல் ஓடினேன். கிளிப் உள்ளங்கையில் இருந்தது. மேட்டின் மேல் முனையில் நான், கீழேயிருந்து அப்பா ஏறி வருகிறார், எழுந்து நின்று மிதிக்கிறார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கையை வேறு எடுத்து ஆட்டினார். நான் நில்லுங்கள் என்று கத்தினேன், கத்தினதாக நினைத்தேன், குரலே வரவில்லை. அப்புறம் நடந்ததைத்தான் அம்மா சொன்னாள், ஆனால் அம்மா அங்கே இல்லை, நான் இருந்தேன். அந்த டிரெய்லர் சத்தம் போடாமல் இறங்கியது அண்ணா. நான் அவ்வளவு நேரமும் ரூபினி அக்காவின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பலகையில் ஆள் இல்லை என்பது மோதின பிறகுதான் மண்டையில் ஏறியது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எல்லோரும் சாமி காப்பாற்றியது என்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அப்பா யோசிக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாளைவிடச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. முந்தாநாள் அப்பா ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார், 'நீ பாத்துச் சொல்லு பாப்பா, இறுக்கமா இருக்கா? என் கைய நான் நம்பல' என்றார். அது எதிலும் மாட்டாத வெறும் நட்டு. நான் இறுக்கமா இருக்குப்பா என்றேன். கிளிப் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. நாம் இருவருமாக அப்பாவின் கம்பெனி பூட்ஸுக்குள் புளி வைத்ததற்கு அவர் சிரித்தார். இதற்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கிற மெஷினுக்குள் அப்பாவைப் படுக்க வைக்கும்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனோ என்றுதான் ரொம்பப் பயம்.

அம்மா வந்துவிட்டாள். தண்ணீர் கால் மணியில் நின்றுவிட்டதாம். எங்கே விட்டேன் என்று கேட்கிறாள். பயமாக இருக்கிறது என்பதில் விட்டாய் என்றேன். சரி, எழுது என்கிறாள்: உத்தமா, நீ உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, ராணுவத்திலும் இப்படிப் பின் கழன்றுவிடுவது உண்டு, யாருக்கும் நடக்கும் என்று எழுது, நீ சொன்னால் நம்புவார். பெரியவனாகப் பிறந்ததற்கு இந்த ஒரு உதவி செய். அவ்வளவுதான், இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டு என்கிறாள்.

அண்ணா, படித்துவிட்டேன். எதையும் விட்டுத் தாவவில்லை. என் பகுதி வந்ததும் நிறுத்தியிருக்கலாம், அம்மாவுக்கு எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, பேப்பரைத் திருப்பியிருந்தால் போதும். ஆனாலும் கடைசி வரை படித்தேன். அம்மா அடிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, என்னங்க இங்க வாங்க என்று கூப்பிட்டாள். அவருக்கும் படித்துக் காட்டு என்றாள். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதும் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். 'பத்து நாளா, காலைல எழுந்ததும் என் பேர நானே சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன் பாப்பா.' கால் பக்கம் உட்கார்ந்து அழுதேன், அப்பா காலை நகர்த்தவும் இல்லை, தலையைத் தொடவும் இல்லை. பிறகு ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டு வரச் சொல்லி, கிளிப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தார்ப்பாயை இழுக்கிற சத்தம் கேட்டது. ரூபினி அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் போகப் போகிறேன்.

இனி அம்மா சொல்வது. முன்னால் எழுதியது எதையும் அடிக்க வேண்டாம் என்கிறாள், பத்து நாள் பட்டதெல்லாம் பட்டதுதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறாள். உத்தமா, உன் அப்பாவுக்கு மறதி இல்லை. ஆனாலும் வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தே தீருவேன், இவள் பேச்சை முழுசாக நம்பி நான் சும்மா இருக்க மாட்டேன், பெரியப்பா உடம்பில் ஓடிய ரத்தம்தானே இவர் உடம்பிலும் ஓடுகிறது. சங்கிலி போட்ட பிறகுதான் டிரெய்லர் தெருவுக்கு இறங்கும், இதில் மாற்றம் இல்லை. இவளை நான் என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும், உன்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட வித்தைதானே. நீ அங்கே கயிறோ பாலமோ எதைக் கட்டினாலும், கூட இருப்பவன் விளையாட்டாகக் கை வைத்தானா என்று ஒரு தடவை நன்றாகப் பார்த்துக் கட்டு. எல்லா மலையும் உனக்கு வழி விடட்டும், நல்லபடியாகக் கீழே இறங்கி வா. சிக்னல் கிடைத்ததும் முதலில் அப்பாவிடம் பேசு, அப்புறம் என்னிடம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்களம்

(அண்ணா, மணி நான்கு. அப்பா இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று வாசலில் நின்று பொதுவாகச் சொன்னார். அம்மா தன் கை ஈரம் என்றாள். நான் போகிறேன்.)