வெளிநாடு — மாமா

12 பிப்ரவரி 2025, புதன்

காலையில் பெரிய மார்க்கெட்டில் வஞ்சரம் வாங்கினேன். மாமாவுக்கு நடுத்துண்டுதான் வேண்டும். அதனால் கல்லூரி ஆபீசுக்குப் பத்து நிமிடம் தாமதம். எழுத நினைத்தது அதையல்ல.

மதியம் சாப்பிடும்போது லூர்துசெல்வி அக்கா என் போனை வாங்கிப் பார்த்தார். கணக்குப் பிரிவில் இருக்கிறார். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் என்னவென்று எட்டு வருடத்துக்கு முன் எனக்குச் சொன்னதே அவர்தான். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும் என்பார். நானும் மாதாமாதம் போட்டுவருகிறேன். ஐந்து மாதமாக விழுந்துகொண்டிருக்கிறது, திறந்து பார்க்கவே பயம். அக்கா கேட்டது வேறு.

"எல்லாத்தையும் இந்தியாவுலயே வச்சிருக்கியே குழலி. வெளிநாட்டு ஃபண்டு ஒண்ணு கூட இல்லியா?"

"வெளிநாட்டுக்குத்தான் மாமா இருக்காரே அக்கா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல வருடமாக அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறேன். பிரான்சுவா மாமா, அம்மாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பென்ஷன் யூரோவில் வருகிறது. வாடகை, மளிகை, மருந்து எல்லாம் அதில் ஓடும். என் சம்பளத்தில் பாதி ஃபண்டுக்குப் போகும். ரூபாய் விழுந்தால் மற்றவர்கள் கவலைப்படுவார்கள். எங்கள் வீட்டில் மீன் பெரிதாகும். அப்புறம் எனக்கு எதற்கு வெளிநாட்டு ஃபண்ட்?

அக்கா டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "மாமாவுக்கு என்ன வயசு இப்ப?"

எண்பத்திரண்டு.

தலையாட்டிவிட்டு டப்பாவைக் கழுவப் போனார். ஏதாவது பேசியிருக்கலாம்.

13 பிப்ரவரி

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

இந்தியா — இருபத்திரண்டு லட்சம்.
வெளிநாடு — மாமா.

எழுதிய பிறகு அந்த இரண்டாவது வரியைப் பார்க்க முடியவில்லை. மடித்து பைபிளுக்குள் வைத்தேன். பிறகு அங்கே வைத்தது தப்பு என்று பட்டது. எடுத்து ட்ராயரில் போட்டேன்.

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவி என்று ஒருத்தி இருந்தால் அவருக்குப் பிறகு பென்ஷனில் அவளுக்கு ஒரு பங்கு வரும். தங்கை மகளுக்கு ஒன்றும் கிடையாது. அவரோடு அது நின்றுவிடும். எனக்கு நாற்பத்தாறு. தனியாள். தனியார் கல்லூரி, பென்ஷன் இல்லை. ஐம்பத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் முப்பது வருடம் உயிரோடு இருந்து தொலைத்தால்?

20 பிப்ரவரி, வியாழன்

பிரான்சிலிருந்து உறை வந்தது. ஒவ்வொரு வருடமும் வருவதுதான். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய படிவம். எப்போதும் அன்றைக்கே மாமாவிடம் கொடுத்துவிடுவேன். இன்று பிரித்ததும் மறுபடி மடித்து உறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். இன்னும் இருக்கிறாரா என்று யாரோ வாசலில் நின்று கேட்கிற மாதிரி.

ட்ராயரில் வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. நாளைக்குக் கொடுக்கலாம்.

பக்கத்து அறையில் மாமா இருமினார். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ச்சீ.

5 மார்ச், புதன்

இன்று தவக்காலம் தொடக்கம். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நானும் இன்று ஒன்று தொடங்கியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. மாமா வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததைத் தொடாமல், வாடகையிலிருந்து கொத்தமல்லி வரை என் சம்பளத்திலேயே ஓட்டுவது. அவர் இல்லாவிட்டால் எப்படி ஓடுமோ அப்படி. இந்திய ஃபண்டுக்குப் போடுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அவர் பணம் வெளிநாட்டு ஃபண்டுக்குப் போகும். அக்கா சொன்ன முதல் ஃபண்டில் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஃபண்டுகள் மொத்தமாக வெளிநாட்டில் இவ்வளவுதான் போடலாம் என்று ஓர் எல்லை இருக்கிறதாம். இன்னொன்றில் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்க மாட்டோம் என்றார்கள். அந்த அளவுக்குப் போட்டேன்.

உயிரோடு இருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு அவர் இல்லாத வீட்டுக்கு ஒத்திகை பார்க்கிறேன். இதை எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ராத்திரிக்கு மலிவான பொடிமீன், காரப்பொடி. மாமா ஒன்றும் கேட்கவில்லை. "தவக்காலம்தானே, இது போதும்" என்று அவராகவே சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

7 ஏப்ரல், திங்கள்

அமெரிக்கா வரி போட்டதில் எல்லாம் விழுகிறது. இங்கேயும், அங்கேயும். ஒரே நாளில்.

ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்றுதானே இரண்டு இடத்தில் வைப்பது? இரண்டும் சேர்ந்து விழுந்தால் பிறகு எதற்கு இரண்டு? மதியம் பாத்ரூமில் போய் நின்றுகொண்டு, இருக்கிற எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று அழுத்தினேன். ஓடிபி வந்தது. ஆறு எண். முதல் தடவை தப்பாகப் போட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த எண் காலாவதியாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. "விழறது ஒரே நாள்ல விழும். எழுந்திரிக்கிறது வேற வேற நாள்ல. அதுக்குத்தான் ரெண்டு" என்றார். அவருக்கு வீட்டுக்காரர் இருக்கிறார், சொந்த வீடு இருக்கிறது. அவரால் சொல்ல முடியும்.

23 ஏப்ரல், புதன்

மறுபடியும் காரப்பொடி. மாமா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குழலி, ஆண்டவரே உயிர்த்து மூணு நாள் ஆச்சு. நம்ம வீட்ல வஞ்சரம் எப்ப உயிர்க்கும்?"

சிரித்துவிட்டேன். பிறகு சமையலறையில் போய் அழுதேன். மார்க்கெட்டில் விலை ஏறிவிட்டது என்று பொய் சொன்னேன். மாமா வெகுளி இல்லை. நம்பின மாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

6 ஜூன், வெள்ளி

மாமாவின் பென்ஷன் வரவில்லை. எப்போதும் முதல் வாரத்தில் வந்துவிடும். "பேங்க்ல லேட்டா இருக்கும்" என்றேன்.

9 ஜூன், திங்கள்

கரண்ட் பில்லைத் தேடினேன். ட்ராயரின் அடியில் அந்த உறை.

ஐயோ. நான்தான். நான்தான் வச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு — பிப்ரவரியில வந்தது. ஏப்ரலோட அவகாசம் முடிஞ்சுபோச்சு. இடையில் பிரான்சிலிருந்து இன்னொரு உறையும் வந்ததாம், போஸ்ட்மேன் சொல்கிறார். அதை எங்கே வைத்தேன், ஏதோ விளம்பரமென்று கிழித்துப் போட்டேனா? நான் மறக்கவில்லை. அதுதான் உண்மை. ஒவ்வொரு தடவை ட்ராயரைத் திறக்கும்போதும் அந்த உறையின் ஓரம் தெரிந்தது. மூடினேன்.

எது நடந்துவிடுமோ என்று பயந்தேனோ அதை நானே செய்துவிட்டேன். அங்கே ஏதோ ஓர் ஆபீசில் மாமா இப்போது உயிரோடு இல்லை.

10 ஜூன்

சொல்லிவிட்டேன். காலைக் காபிக்குப் பிறகு, உறையை மேசைமேல் வைத்து.

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். "அங்க நான் பூட்டேன்னு எழுதிட்டானுங்களா?" என்றார். சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது, நான் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எதுக்கு ஒளிச்சு வச்ச?"

"பயமா இருந்துச்சு மாமா."

"எதுக்கு பயம்? நான் பூடுவேன்னா, பென்ஷன் பூடும்னா?"

இல்லை இல்லை, உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எண்பத்திரண்டு வயது மனிதரிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"ரெண்டும் ஒண்ணா கலந்து கெடக்கு மாமா. பிரிச்சுப் பாக்கத் தெரியல."

அவர் தலையை ஆட்டினார். கோபமா, இல்லையா, தெரியவில்லை. பத்து நாளாக வீடு எதில் ஓடுகிறது என்று கேட்டார். பத்து நாள் இல்லை, மூன்று மாதமாக என் சம்பளத்தில் ஒத்திகை பார்க்கிறேன் என்றேன். ட்ராயரில் இருந்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். வெளிநாடு என்பதற்கு எதிரில் மாமா என்று இருந்ததைப் படித்தார். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அதான் மீன் சிறுத்துப் போச்சா" என்றார்.

மதியம் அவர் சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

12 ஜூன், வியாழன்

கான்சுலேட்டுக்குப் போனோம். காலை ஏழு மணிக்கே மாமா குளித்து, முழுக்கைச் சட்டை, டை, ஷூ. ஷூவை அவரே பாலிஷ் போட்டார், என்னை விடவில்லை. ஆட்டோ நின்றதும் நான் எட்டிப் பிடிக்கப் போனபோது கையை விலக்கிக்கொண்டு இறங்கினார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நேராக நின்று, "ப்ரெஸான்" என்றார். இருக்கிறேன் என்று. பட்டாளத்தில் பெயர் கூப்பிடும்போது சொல்வது. சத்தமாகச் சொல்லிவிட்டார், கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டபோது கை ஆடியது. அங்கிருந்த அதிகாரி அம்மாள் பொறுமையாக இருந்தார். தாளின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். மாமா அதைத் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது சொன்னார்: "ஒத்திகைய நிறுத்தாத."

30 ஜூன்

யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு ஒரு யூரோகூட வரவில்லை. போன வருடமாக இருந்தால் மாமா அப்பத்துக்குப் பாயா வாங்கிவரச் சொல்லியிருப்பார்.

வெளிநாட்டு ஃபண்டுக்குப் போட இந்த மாதம் பணமில்லை. ஆனால் எதையும் விற்கவில்லை. வாடகை கொடுத்தாயிற்று.

9 ஜூலை

பிரான்சிலிருந்து பதில் இல்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

மாமாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நெஞ்சில் சளி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். லூர்துசெல்வி அக்கா கஞ்சி கொண்டுவந்தார். நான் போய்க் குளித்துவிட்டு வர அவர் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் தனியாக நின்றேன். ஒத்திகையில் மீன் வாங்கினேன், வாடகை கொடுத்தேன். அந்த நாற்காலி காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் ஒத்திகை பார்க்கவில்லையே. கதவைக்கூடப் பூட்டாமல் ஓடிவந்துவிட்டேன்.

மாதா, இவரை விட்டுடு. காசெல்லாம் போனாலும் போகட்டும். — இதை எழுதிய பிறகு யோசிக்கிறேன், இது உண்மையா, இந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பதால் தோன்றுவதா?

19 ஆகஸ்ட்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். நல்ல அறிகுறி.

10 செப்டம்பர், புதன்

நிறுத்தி வைத்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்துவிட்டது. மாமா பாஸ்புக்கை இரண்டு முறை படித்தார். "செத்தவனுக்கு அரியர்ஸ் வந்திருக்கு பாரு" என்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னார்.

பிறகு என்னிடம்: "இதுல ஒரு வஞ்சரம் எடு. முழுசா. மீதிய உன் வெளிநாட்டுல போடு. ஆனா அந்தத் தாள்ல என் பேர எடுத்துடு. என்னய அங்க எழுதி வச்சா எனக்குச் சாவவே சங்கடமா இருக்கும்."

அவர் எதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்து, புதிதாக எழுதினேன். எவ்வளவு வெளியே போடுவது என்று இத்தனை மாதமாக அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பதில் சொன்னதில்லை. நானே முடிவு செய்தேன். நான் கிழவியாகப் போவது இந்த ஊரில்தான். வாடகையும் அரிசியும் ரூபாயில்தான். அதனால் முக்கால் பங்கு இங்கே. ரூபாய் மட்டுமே நம்பிக்கை என்று இருக்கப் பயம். அதனால் கால் பங்கு வெளியே. அந்தக் கால் பங்கை எட்ட இன்னும் நாலைந்து வருடமாகும். ஆகட்டும். வருடத்துக்கு ஒரு முறை, அந்த உறை வருகிற நாளில் மட்டும் திறந்து பார்ப்பது.

10 பிப்ரவரி 2026, செவ்வாய்

உறை வந்தது. ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லி, இன்றே கான்சுலேட். கையெழுத்து போன முறையைவிடக் கோணல். திரும்பும்போதே தபாலில் சேர்த்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் போனைத் திறந்து பார்த்தேன். இந்தியா எண்பத்தெட்டு சதவீதம், வெளிநாடு பன்னிரண்டு என்று தாளில் குறித்தேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை தேடினார். தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு டிவி பக்கம் போனார்.

மீன் இன்று சங்கரா. அரைக் கிலோ.

இன்று விடியற்காலையில் பாத்ரூமில் வெகுநேரம் இருமினார். கதவுக்கு வெளியே நின்றேன். எண்ணவில்லை. பயமாகத்தான் இருந்தது. அவர் வெளியே வந்து, "என்ன, பட்டாளம் காவல் நிக்குதா?" என்று கேட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டில் வரை நடந்தார்.

யூரோ இன்று எவ்வளவு என்று ஆபீசில் யாரோ கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.