உணவுக்குழாய் விஷயமாக

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், உன் நலம் எப்படி என்பதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. பத்து மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம். மறைக்கலாம் என்றது அம்மா, சரி என்றது நான், ஆகவே கோபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்.

எங்கள் டிப்போவில் முதல் பஸ்ஸை ஓட்டுவாரே மீசை, அவருக்கு ஓய்வு விருந்து வைத்தார்கள். இரண்டாவது வாயிலேயே ஒரு இறைச்சித் துண்டு என் நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிட்டது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மூச்சுக்குக் குறையில்லை, ஆனால் குடித்த தண்ணீர் குடித்தபடியே திரும்பி வந்தது, எச்சில்கூட இறங்கவில்லை. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு துப்பியபடி நின்றேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் மீசையைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். மீசை என்னைப் பார்த்துவிட்டார், ஓடி வந்து கட்டிக்கொண்டு, “உங்களுக்கு என்மேல இவ்வளவு பாசம் இருக்கும்னு தெரியாமப் போச்சுங்க” என்று தானும் அழுதார். அவர் தாமதமாக வந்த நாளையெல்லாம் டைம் கீப்பர் என்ற முறையில் எழுதி வைத்தவன் நான், பதினைந்து வருஷமாக எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. விளக்கம் சொல்லலாம் என்றால் வாய் அந்த நிலையில் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப்போனார், துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று வரவேற்பில் சொன்னார். இப்போது வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். நானும் அந்தத் துக்கத்தை மறுக்கவில்லை.

வாய் வழியாகக் குழாய் விட்டுத் துண்டை எடுத்தார்கள். டாக்டர் உன் வயதுப் பெண். உணவுக்குழாய் உள்ளே வளையம் வளையமாகச் சுருங்கியிருக்கிறது, இது இன்று நேற்று வந்ததில்லை, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இன்றுதான் என்றேன். கதவோரம் நின்ற உன் அம்மா, “இருபது வருஷமா ஒரு சாப்பாட்டுக்கு ஒரு ஜக்கு தண்ணி குடிக்கிறார் டாக்டர், கேட்டா வெயில்ங்கிறார்” என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். சதையைக் கிள்ளிச் சோதித்ததில் விஷயம் தெரிந்தது. சாப்பிடுகிற ஏதோ ஒரு பொருளை உடம்பு பகையாளியாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது, சண்டை நடக்கிற இடம் உணவுக்குழாய், அதனால் அது வீங்கித் தழும்பேறிச் சுருங்கிப்போகிறதாம். முதலில் பாலையும் கோதுமையையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார், வீக்கம் இல்லை. கோதுமையைத் திரும்பச் சேர்த்து இரண்டு மாதம், மறுபடி குழாய், அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு பால். எனக்கு எந்தக் கஷ்டமும் தெரியவில்லை, குணமாகிவிட்டது என்று டிப்போவில் சொல்லிக்கூட விட்டேன். குழாயில் பார்த்தால் வீக்கம் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. பால்தான் ஆள். அதற்கப்புறம் பலூன் மாதிரி ஒன்றை உள்ளே விட்டு ஊதிச் சுருக்கத்தை அகலப்படுத்தினார்கள், இரண்டு நாள் நெஞ்சு வலித்தது. இப்போது இறைச்சி இறங்குகிறது. ஆனாலும் பொடியாக நறுக்கி மென்றுதான் தின்கிறேன்.

பால் இல்லாமல் இருப்பது பெரிய காரியமில்லை, பால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம். பிஸ்கட்டில் இருக்கிறது, ரொட்டியில் இருக்கிறது, மசாலாப் பொட்டலத்திலும் ஒரு ஓரமாக இருக்கிறது. அம்மா கடையில் பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தைப் படிப்பதால் கடைக்காரர் அவளை உணவு இன்ஸ்பெக்டர் என்று நினைத்து இரண்டு தடவை நாற்காலி போட்டார். எனக்குத் துணையாகத் தானும் பாலை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். தினமும் நாலு மணிக்கு மாடிவீட்டு டீச்சரிடம் ஏதோ கேட்க வேண்டுமென்று போய், காபி வாசனையோடு இறங்கி வருகிறாள். நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இப்போது எழுத வந்த விஷயம். இது சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வரும் என்று போன மாதம் டாக்டர் சொன்னார், உங்கள் மகள் எப்படி என்று கேட்டார். அவளுக்கு ஒன்றுமில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “அப்ப அவ ஏன் சாப்பாட்டுல இருந்து எப்பவும் கடைசியா எந்திரிப்பா?” என்றாள். எங்கள் நிறுத்தம் வரும்வரை உன் பழைய சாப்பாட்டு நேரமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ ஒரு வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாய். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பாய். நான் உன் தட்டுக்கு முன்னால் கடிகாரத்தை வைத்துப் பதினைந்து நிமிஷம் என்றேன். முடிக்காத நாளில் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனேன். அப்போது உனக்கு எட்டு வயது. “தொண்டைல நிக்குதுப்பா” என்று நீ ஒருநாள் சொன்னாய், சாக்கு என்றேன். எனக்கும் அதே இடத்தில்தான் நின்றது, நான் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டு உன்னைத் திட்டினேன். தப்பு என்னுடையதம்மா.

ஆபீஸில் எல்லோரோடும் சாப்பிடப் போவதில்லை, நேரமில்லை, சூப் குடித்துக்கொள்கிறேன் என்று நீ போனில் சொல்கிறாய். நேரமில்லை என்பதை இருபது வருஷம் நான் சொல்லியிருக்கிறேன், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆகவே டாக்டரைப் போய்ப் பார். அதற்கு முன்னால் நீயாகப் பாலை நிறுத்தாதே, நிறுத்தினால் சோதனையில் சரியாகத் தெரியாதாம். உனக்குப் பகை பாலாக இல்லாமல் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எதுவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. நோயின் பெயரை அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறாள், எழுத்துப்பிழை இருந்தாலும் டாக்டருக்குப் புரியும். குழாய் விடுவதற்குப் பயப்படாதே, மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள், நான் ஐந்து தடவையும் நன்றாகத் தூங்கினேன்.

நோய்நொடி அண்டாமல் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். டாக்டரைப் பார்க்கும் தேதியைப் பதிலில் எழுது. பார்க்கிறேன் அப்பா என்று எழுதாதே, அது தேதி இல்லை.

உன்னிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய
அப்பா