இடக்கைக்குத் தீட்டிய கத்தி

அக்கா,

இன்று காலை கத்தியை விரித்தபோது அதன் மூட்டிலிருந்து நல்லெண்ணெய் மணந்தது. நான் ஒருநாளும் அதற்கு எண்ணெய் விட்டதில்லை. மான்கொம்புப் பிடிக்குள் நீ விட்ட எண்ணெய்தான் எங்கோ ஊறிக் கிடந்து, வெயில் ஏறியதும் வெளியே வந்திருக்கிறது. நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. என் மடியில் இருந்துகொண்டு கத்தி இன்னும் உன்னைத்தான் மணக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அது அப்புவின் கத்தி. பெரியப்பு மலாயாவிலிருந்து வந்தபோது தன் தம்பிக்கு, நம் அப்புவுக்கு, கொடுத்தது. அப்போதே பழசு. அலகில் வெட்டியிருந்த எழுத்துகள் தேய்ந்து, தடவினால் மட்டும் தெரிந்தன. அப்பு அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவார். பாக்குச் சீவுவதற்கும், கயிறு அறுப்பதற்கும், புகையிலை கட்ட ஓலையை நாராக வார்வதற்கும் அதுதான். நாங்கள் சிறுபிள்ளைகளாய் இருந்தபோது அதைத் தொடக்கூட விடமாட்டார்.

நீ பெரியபிள்ளையானபோது உன்னை மூலை அறையில் இருத்தினார்கள். தனியே இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பு இருக்கவேண்டும், இல்லையென்றால் காத்துக் கறுப்பு அண்டும் என்று அம்மா பாக்குவெட்டியைத் தேடினாள். அது மாமி வீட்டுக்குப் போயிருந்தது. அப்பு தன் மடியிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். முட்டையோடு குடிக்கச்சொல்லித் தந்த நல்லெண்ணெயை நீ குடிக்காமல் கத்தியின் மூட்டில் விட்டு, விரித்து மடக்கி, விரித்து மடக்கி விளையாடினாய். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வார்த்து உன்னை வீட்டுக்குள் எடுத்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். நீ கொடுக்கவில்லை.

"எங்கை பிள்ளை கத்தி?" என்று அப்பு கேட்டார்.

"என்னட்டைத்தான் கிடக்கு. வெட்ட வேணுமெண்டால் சொல்லுங்கோ, வெட்டித் தாறன்."

"உது என்ரை கத்தியெல்லே?"

"முந்தி."

அப்பு சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். நான் எதையும் சொல்வதில்லை என்பதால் அதற்கு விடை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் உன்னைக் கூப்பிடாத நேரமில்லை. அம்மாவுக்கு மாங்காய் சீவ, மாமிக்கு வாழையிலை நறுக்க, கொப்பி தைக்கும் நூலை அறுக்க, எல்லாவற்றுக்கும் நீ. அப்பு வேலிப் படலையைத் திறக்கும்போதே "பிள்ளை, கத்தி" என்பார். நீ ஓடுவாய். பின் வளவில் இருவரும் ஓலைக் கட்டுக்கு முன்னால் குந்தியிருந்து கதைப்பீர்கள். நீ இடக்கையால் வார்வாய். ஓலை ஒரே அகலத்தில் நூல் பிடித்ததுபோல் இறங்கும். கொக்குவில் ஸ்டேஷனில் நின்று கிளம்பும் ரயிலின் சத்தம் கேட்டால் அப்பு பெரியப்புவின் மலாயாக் கதைகளைத் தொடங்குவார். அந்தக் கதைகளை அடுப்படியில் இருந்து அரைகுறையாகக் கேட்டவள் நான். முழுதாகக் கேட்டவள் நீ.

"சோத்துக்கு வலக்கை, வேலைக்கு இடக்கை. உவளை ஆர் கட்டப்போறான்?" என்று மாமி சொல்லுவா.

"கத்தியைக் கண்டு பயப்பிடாதவன் கட்டட்டும், மாமி" என்பாய் நீ.

அப்பு அதற்கும் சிரிப்பார்.

பிறகு என் முறை வந்தது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. அங்கே வாத்தியார் என் பெயரைச் சொன்னாலே எனக்கு வேர்க்கும். மூலை அறைக்குள் போகும்போது என் மனத்தில் இருந்தது ஒன்றுதான். இப்போது கத்தியை என் பக்கத்தில் வைப்பார்கள் என்று நினைத்தேன். அம்மா பாக்குவெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் நீ வந்து வாசலுக்கு வெளியே, என்னைத் தொடாமல் இருந்தாய். கத்தியை விரித்து ஒரு பனங்கிழங்கைச் சீவினாய். நான் கத்தியையே பார்ப்பதைக் கண்டுவிட்டாய்.

"வேணுமோ?"

நான் பாயின் ஓரத்தைப் பிய்த்தேன்.

"வேணுமெண்டால் கேள். வாயைத் திறந்து கேள், தாறன்."

உன் குரலில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் தந்திருப்பாய் என்றே நினைக்கிறேன். ஆனால் உனக்கு எல்லாம் கேளாமலே கிடைத்தது. நான் மட்டும் ஏன் கேட்கவேண்டும்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாய். உன் கை பட்டு இரண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சீவியிருந்தது. அதைக்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை.

நெருப்புக் காய்ச்சல் வந்து நீ பாயில் கிடந்த நாட்களிலும் கத்தி உன் தலைமாட்டில் இருந்தது. அப்பு வேலைக்குப் போகாமல் உன் பக்கத்தில் இருந்தார். அப்போதும் எனக்கு எரிச்சல் வந்தது, அக்கா. இதை எழுதாமல் விட்டால் இந்த மடலில் உண்மை இராது.

நீ போன மறுநாள் உன் பாயும் உடுப்பும் கட்டித் துணி வெளுக்கும் கட்டாடியாருக்குக் கொடுக்க வைத்தார்கள். ஊர் வழக்கம். மாமி கத்தியையும் உன் தாவணிக்குள் வைத்துச் சுற்றிவிட்டா. செத்தவளின் தலைமாட்டில் கிடந்த இரும்பு வீட்டில் கிடக்கக்கூடாது என்றா. அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பு தூணில் சாய்ந்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாடியார் பொட்டலியைத் தோளில் வைத்துப் படலைக்குப் போய்விட்டார்.

முற்றம் நிறைய ஆம்பிளைகள். நான் அத்தனை பேருக்கு நடுவால் நடந்து போனேன்.

"அந்தக் கத்தி எனக்கு வேணும்" என்றேன்.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "உந்த ஊமைக்கு எப்ப வாய் வந்தது?" என்று மாமி பின்னால் கேட்டா. "கழிச்ச இரும்பைக் கேக்கிறாள். விடு, மோனை, உது ஆகாது."

"எனக்கு வேணும்" என்று திரும்பவும் சொன்னேன்.

கட்டாடியார் அப்புவைப் பார்த்தார். அப்பு முற்றத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளை கேக்குது" என்று சொல்லி அவர் பொட்டலியை இறக்கி, கத்தியை எடுத்து, மண்ணில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். நீ கேள் என்று சொன்னாய். நான் கேட்டபோது தருவதற்கு நீ இல்லை.

கத்தி கையில் வந்தபிறகுதான் உன் கள்ளம் விளங்கியது. ஓலை வார்ந்தால் என் கையில் கத்தி ஒரு பக்கமாக இழுத்தது. நார் ஒரு முனையில் அகன்று மறு முனையில் ஊசியானது. விளிம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீ உன் இடக்கைக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தை மட்டும் தீட்டித் தீட்டி வைத்திருந்தாய். வலக்கைக்காரர் யார் எடுத்தாலும் அது கோணலாகத்தான் வெட்டும். அப்பு எடுத்தாலும்தான். அதனால்தான் பிறகு அவர் கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் உன்னைக் கூப்பிட்டார். கொடுக்க மனமில்லாமல் அப்படித் தீட்டினாயா, அவர் கூப்பிடவேண்டும் என்று தீட்டினாயா? ஒன்றுக்கும் குறைவில்லாத உனக்கும் அந்தக் கூப்பிடுதல் அவ்வளவு வேண்டியிருந்ததா?

தீட்டுக்கல் கிணற்றடியில் கிடக்கிறது. மற்றப் பக்கத்தைத் தீட்டினால் கத்தி வலக்கைக்கு வந்துவிடும். எவரும் எடுத்து வெட்டலாம். அப்புவும் தானே வெட்டிக்கொள்ளலாம். நான் தீட்டவில்லை. எல்லாரும் தோட்டத்துக்குப் போனபிறகு பின் வளவில் இருந்து இடக்கையால் வாரப் பழகினேன். வலப் பெருவிரலில் இரண்டு தழும்பு இருக்கிறது. பழகிய ஓலைகளை அடுப்பில் வைத்து எரித்தேன்.

இன்று அப்பு தோட்டத்திலிருந்து வந்தார். படலையைத் திறந்துகொண்டே, "பிள்ளை, கத்தி" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். யாரைக் கூப்பிட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

நான் போனேன். ஓலைக் கட்டுக்கு முன்னால் குந்தியிருந்து ஒரு பனஞ் சார்வோலையை எடுத்து வார்ந்தேன். அப்பு என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நார் நேராக இறங்கியது.

"நீயும் இடக்கையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில் இத்தனை வருஷம் வளர்ந்தவளைப் பார்த்துக் கேட்டார். உன்னுடையது எந்தக் கை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓம், அப்பு" என்றேன்.

ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. அவர் கதை சொல்லத் தொடங்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. நான் அடுத்த ஓலையை இடக்கையால் எடுத்தேன்.